கணபதிக்குப் பின்னால் சுற்றிய கடைசி டிஸ்க்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எந்த இடத்தில் இரண்டு சுழி, எந்த இடத்தில் மூன்று சுழி என்பதில் எனக்கும் தமிழுக்கும் இன்று வரை ஓர் உடன்பாடு ஏற்படவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் சொன்னார். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சரி என்று தலையாட்டிவிட்டேன். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று என் மகள் சொன்னாள். பேசிப் பார்த்தேன். சத்தம் போதவில்லை, மறுபடி பேசுங்கள் என்று போன் சொன்னது. அதனிடமும் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. ஆகவே கையால் எழுதுகிறேன். இன்றைக்குக் கையெழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் சுடலைமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனேக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறேன். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்காகவே கட்டிய பட்டறை என்று நினைத்துக்கொள்வேன்.

என்னுடைய கூச்சம் சாதாரணக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரிடம் கொஞ்சம் நகருங்கள் என்று சொல்லத் தயங்கி, கசார்வாடியில் இறங்க வேண்டியவன் பிம்பிரியில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். கடைக்காரர் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கடலைப் பருப்பைக் கட்டிக் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டு வந்து, இன்றைக்குக் கடலைப் பருப்பில் சாம்பார் வைத்துப் பார்த்தால் என்ன என்று மனைவி சொர்ணத்திடம் கேட்டிருக்கிறேன். (அவள் வைத்தும் கொடுத்தாள். ஆனால் அன்று என்னோடு பேசவில்லை.) இப்படிப்பட்ட ஆளை நம்பித்தான் என் மகள் மலர் ஒரு பெரிய காரியத்தை ஒப்படைத்தாள்.

மலர் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழோடு இந்தியும் கலந்துதான் பேசுவாள். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு வியாழக்கிழமை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். (எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு வார விடுமுறை வியாழன்தான். கரண்ட்டும் அநேகமாக அன்றைக்குத்தான் விடுமுறை எடுக்கும்.) கூட வேலை பார்க்கும் கார்த்தி என்ற பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். நல்ல பையன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். சிக்கல் அவனுடைய அப்பாதான்.

"அவங்கம்மாக்கு ஓகேப்பா. அவங்கப்பாதான் குச் போல்தே நை. ஹான்னும் சொல்லல, நைன்னும் சொல்லல. நீங்க போய் ஒரு தடவ பேசுங்கப்பா."

"நானா?"

"நீங்கதானப்பா என் அப்பா."

இஸ்திரி போட்ட சட்டை இருக்கிறதா என்று சொர்ணத்திடம் கேட்டேன்.

கார்த்தியின் அப்பா வேலுச்சாமி, கடக்வாஸ்லாவில் ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அணைக்குப் போகும் வழியில் வீடு. நான், சொர்ணம், மலர் மூன்று பேரும் போனோம். என்னைவிடக் குறைவாகப் பேசும் ஒரு மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கூச்சத்தால் இல்லை. அவர் சுபாவமே அப்படி. உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். உட்கார்ந்தோம். டீ வந்தது. குடித்தோம். பெண்கள் சமையலறைக்குப் போய்விட்டார்கள். இரண்டு அணைகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. யார் முதலில் மதகைத் திறப்பது என்று தெரியவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற மலர் என்னையே பார்த்தாள். அவள் கண்ணில், பேசுங்கப்பா, எதையாவது பேசுங்கப்பா என்று எழுதியிருந்தது.

நான் பார்த்த சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் சாமான் எதுவும் இல்லை. முழுக்க டிஸ்க் பெட்டிகள். தூசி இல்லாமல், உயரவாரியாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி நின்றன. என் ஆயுளில் இருந்த தைரியத்தை எல்லாம் ஒன்று திரட்டி, "இதெல்லாம் பாட்டா?" என்று கேட்டேன்.

மதகு திறந்துவிட்டது.

பாட்டு இல்லையாம். எல்லாம் பழைய தொலைக்காட்சித் தொடர்களாம். இப்படிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். புதுப் படத்தின் டிஸ்க்கைச் சும்மா கொடுத்தாலும் தொட மாட்டார்களாம். பழைய தொடர் ஒன்று, அசல் அட்டையோடு, முழு வரிசையாகக் கிடைத்தால் போதும், கேட்டதற்கு மேலேயே கொடுத்து வாங்கிக்கொள்வார்களாம். அவர் எழுந்து போய் அலமாரியின் நடுத்தட்டைக் காட்டினார். ஒரே மாதிரி அட்டை போட்ட பெட்டிகள் வரிசையாக நின்றன. கடைசியில் ஒரு பெட்டி அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

அது ஒரு லாட்ஜைப் பற்றிய தொடர். சின்ன ஊர் லாட்ஜ் ஒன்றில் தங்கியவர் ஓர் இரும்புப் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். திரும்பி வரவே மாட்டார். வாராவாரம் யாராவது வந்து, பெட்டி என்னுடையது என்பார்கள். லாட்ஜ் மேனேஜர் நம்ப மாட்டார், கொடுக்க மாட்டார். கடைசி வாரத்தில்தான் பெட்டியைத் திறப்பார்கள். அந்தக் கடைசி வாரம் இருக்கிற டிஸ்க்கைக் கொஞ்சம்தான் வெளியிட்டார்களாம். அதற்குள் கம்பெனியையே மூடிவிட்டார்களாம்.

"அது ஓடுனப்ப நான் வடகிழக்குல மலைமேல போஸ்டிங்ல இருந்தனுங்க. டிவியே கெடையாது. திரும்பி வந்ததும் எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன், ஒருத்தரும் கதையச் சொல்லப்படாதுன்னு. பொட்டி தொறக்கறத என்ற கண்ணால நானே பாக்கோணும்."

இவ்வளவு பெரிய மீசைக்காரர், ஒரு பெட்டிக்காக இத்தனை வருடம் காத்திருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது. என் வாழ்க்கையிலேயே நான் கம்பீரமாகச் சொன்ன ஒரே வாக்கியம் அப்போதுதான் வந்தது.

"அந்த டிஸ்க் எங்க வீட்ல இருக்கு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. வேலுச்சாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கணபதி சதுர்த்தியன்று குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். "அன்னைக்கு டிஸ்க்கையும் வாங்கிட்டு, இவங்க விசயத்தையும் பேசி முடிச்சுப்போடலாங்க." மலரின் முகம் பூத்த விதத்தைப் பார்த்தபோது, பேச்சு என்பது அப்படி ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் மச்சினன் பாண்டி சாங்வியில் டிஸ்க் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். போனிலேயே எல்லாம் வர ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனான். போகும்போது மிச்சமிருந்த டிஸ்க்குகளை ஒரு சாக்கில் கட்டி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அந்தச் சாக்கில் இரும்புப் பெட்டிப் படம் போட்ட அட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

சதுர்த்திக்கு முந்தின நாள் சாக்கை அவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. அட்டையை மழை ஈரம் அரித்திருந்தது. ஆனால் டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. எடுத்துத் துணியால் துடைத்தேன். மகளின் கல்யாணமே இந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று தோன்றியது. எங்கள் வீட்டில் எந்த நல்ல பொருள் வந்தாலும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைப்பது வழக்கம். மிக்ஸிக்கு வைத்திருக்கிறோம், காஸ் அடுப்புக்கு வைத்திருக்கிறோம். ஆகவே டிஸ்க்கின் பளபளக்கிற பக்கத்தில் மஞ்சளைத் தொட்டு, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் பிள்ளையார் படத்தின் மேல் சாய்த்து நிறுத்தினேன். ஒரு செம்பருத்தியும் வைத்தேன். (அந்தச் செம்பருத்திதான் என்னைக் கெடுத்தது.)

அன்று சாயங்காலம் காளே காகு வந்தார். எங்கள் கட்டடத்துக் கணபதி உற்சவத்துக்கு அவர்தான் தலைவி. இந்தப் பக்கத்தில் வயதான அம்மாக்களைக் காகு என்று சொல்வோம். இவர் ரிட்டயர்டு டீச்சர். அவர் குரல் கேட்டால் லிஃப்ட்கூட அந்த மாடியில் நின்றுவிடும். அந்த வருடம் வீணான பொருட்களை வைத்தே அலங்காரம் செய்வது என்று கமிட்டியில் முடிவாம். "ஜுன்யா ஸீட்யா ஆஹேத் கா?" என்று கேட்டார். பழைய சீடி இருக்கிறதா என்று அர்த்தம். சொர்ணம் சந்தோஷமாகக் கட்டிலுக்கு அடியில் இருந்து சாக்கை இழுத்துக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அதுவரைக்கும் சரிதான்.

காகுவின் பார்வை பூஜை அலமாரிக்குப் போனது. அங்கே மஞ்சள் குங்குமத்தோடும் செம்பருத்தியோடும் ஒரு டிஸ்க், பிள்ளையார் மேலேயே சாய்ந்துகொண்டிருந்தது. காகுவின் கண் கலங்கிவிட்டது. "அரே வா, முத்துபாவ்! பாப்பாஸாடீ பூஜா கரூன் டேவ்லீ?" நம் பாப்பாவுக்காக, அதாவது கணபதிக்காக, பூஜை செய்தே வைத்துவிட்டாயா என்று கேட்கிறார்.

இத்தனை வருடத்தில் எனக்கு மராத்தி நன்றாகவே தெரியும். இது என் வருங்காலச் சம்பந்திக்கு உரியது, தயவுசெய்து தொடாதீர்கள் என்று மராத்தியில் இலக்கணத்தோடு சொல்லியிருக்க முடியும். ஆனால் கண் கலங்கி நிற்கிற ஒரு ரிட்டயர்டு டீச்சரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? என் வாயில் இருந்து வந்தது, "ஹோ."

ஹோ என்றால் ஆமாம். மராத்தியில் எனக்கு மிகவும் சரளமாக வருகிற சொல் அது.

காகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, டிஸ்க்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அந்த நேரம் அடுக்களையில் இருந்த சொர்ணத்துக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. காலையில் சீக்கிரம் போய், கூட்டம் வருவதற்கு முன்னால் எடுத்துவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காலையில் சட்டைப் பைக்குள் ஒரு ஹாக்ஸா பிளேடு துண்டை வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பந்தலைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அட்டையில் பெரிய மயில் தோகை மாதிரி வெட்டி, அதில் டிஸ்க்குகளை நெருக்கமாக ஒட்டியிருந்தார்கள். அதன் நடுவில், கணபதியின் தலைக்கு நேர் பின்னால், சின்ன மோட்டார் வைத்து ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் முகத்தில் மஞ்சள் குங்குமம் வைத்த டிஸ்க். மற்ற எல்லாவற்றுக்கும் மரியாதை ஒரு மடங்கு என்றால் என்னுடையதற்கு மட்டும் இரண்டு மடங்கு.

மெதுவாகப் பின்பக்கம் போனேன். பிளேடை எடுப்பதற்குள் காகு பார்த்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால் சேவைக்கு வந்துவிட்டானே என்று அவருக்கு ஆனந்தம். என் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்திவிட்டார். பண்டிட்ஜி வந்தார், மந்திரம் சொன்னார், சிலையில் சாமியை எழுந்தருளச் செய்தார். கட்டடமே கூடி நின்று பாடிக் கை தட்டியது. நான் தட்டைச் சுற்றினேன். தட்டு ஒரு பக்கம் சுற்றியது, அங்கே டிஸ்க் ஒரு பக்கம் சுற்றியது, நடுவில் என் தலையும் சுற்றியது.

இங்கே ஒரு முறை சாமி எழுந்தருளிவிட்டால் கரைக்கிற நாள் வரை அலங்காரத்தில் கை வைக்க மாட்டார்கள். ஒரு பூ விழுந்தாலும் அதைச் சாமி கொடுத்ததாகத்தான் எடுப்பார்கள். எங்கள் கட்டடத்தில் அனந்த சதுர்த்தசி வரைக்கும் வைப்பது வழக்கம். அதாவது பத்து நாள்.

மத்தியானம் வேலுச்சாமி குடும்பம் வந்தது. சொர்ணம் கொழுக்கட்டை, அவியல், சொதி என்று திருநெல்வேலியையே இலையில் இறக்கியிருந்தாள். வேலுச்சாமி சாப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கண் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் தேடிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்ததும் நேராக என் எதிரில் நின்றார்.

"அந்த டிஸ்க்குங்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "கணபதிகிட்ட இருக்கு," என்றேன்.

அவருக்குப் பூரிப்பு. பூஜையில் வைத்திருக்கிறார்கள், என்ன மரியாதையான குடும்பம் என்று மனைவியிடம் சொன்னார். எங்கள் பூஜை அலமாரியைப் பார்த்தார். வாடிய செம்பருத்தி மட்டும் இருந்தது.

"இந்தக் கணபதி இல்ல," என்றேன். "கீழ உள்ள கணபதி."

சொர்ணம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் சங்கத்தில் அச்சடிக்க மாட்டார்கள். "ஏங்க, என்ன காரியம் செஞ்சிருக்கிய?" என்று மட்டும் கேட்டாள், ரொம்ப மெதுவாக. அவள் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

எல்லோரும் கீழே போனோம். வேலுச்சாமி பந்தலுக்கு எதிரில் நின்றார். நான் விரலை நீட்டிக் காட்டினேன். இத்தனை வருடமாக அவர் பார்க்கத் தவித்த டிஸ்க், அவர் கண் முன்னால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. படம்தான் தெரியவில்லை.

எதிரில் இருப்பது சாமி என்பதால் அவர் கையைக் கூப்பினார். கூப்பிய கையோடு என் பக்கம் திரும்பினார்.

"எப்பங்க எறக்குவாங்க?"

சொன்னேன்.

"செரி. அது வரட்டும். மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கலாங்க."

மலரின் முகம் சுருங்கியது. காரணம் உண்டு. கணபதியைக் கரைத்த கையோடு இங்கே பித்ரு பட்சம் வந்துவிடும். முன்னோருக்கான நாட்கள், நல்ல காரியம் பேச மாட்டார்கள். அது முடிந்தாலும் நமக்குப் புரட்டாசி. அதற்குள் கார்த்தியைக் கம்பெனியில் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. கரைக்கிற அன்றைக்கே பேச்சு முடியாவிட்டால் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. மலர் என்னைத் திட்டவில்லை. "கோயி பாத் நை அப்பா," பரவாயில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறிப் போனாள். லிஃப்ட் இருந்தும் படியில் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பட்டறையில் இருந்து திரும்பினால், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேலுச்சாமி உட்கார்ந்திருந்தார். கடக்வாஸ்லாவில் இருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். டிஸ்க் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. ஆரத்தி முடிந்தது, காகு மோதகம் கொடுத்தார், வேலுச்சாமி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். சக்கரம் சுற்றும், நாங்கள் பார்ப்போம். மோட்டார் ஒரு நாள் கிறீச்சிட்டபோது மட்டும் அவர், "எண்ணெய் போடச் சொல்லுங்க," என்றார். போட்டேன். அவர் என்னிடம் கோபமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நாற்காலியில் அவர் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைக்க ஆரம்பித்திருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம்.

கரைக்கிற நாள் வந்தது. தெருவெங்கும் டோல், தாஷா மேளங்கள். எங்கள் கணபதியைத் தூக்கிக்கொண்டு போய் மாநகராட்சி வைத்திருந்த தொட்டியில் கரைத்துவிட்டு எல்லோரும் திரும்பினோம். மாலை வெயில் இன்னும் இருந்தது. பந்தலில் சாமி இல்லாத பீடமும் டிஸ்க் தோகையும் மட்டும். வேலுச்சாமியின் குடும்பம், என் குடும்பம், கட்டடத்து ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். இதற்குள் விஷயம் கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது. காகு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அதற்கும் நான் "ஹோ" என்றேன்.

நானே ஏறி மோட்டாரை நிறுத்தினேன். சக்கரத்தைக் கழற்றினேன். பிளேடை டிஸ்க்குக்கும் அட்டைக்கும் நடுவில் நுழைத்து, நான் பட்டறையில் எந்தச் சாமானுக்கும் காட்டாத பொறுமையோடு, சுற்றிச் சுற்றி அறுத்தேன். டிஸ்க் முழுசாகக் கையில் வந்தது. உடையவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதைத் திருப்பிப் பார்த்தேன். என் உள்ளங்கை தெரிந்தது.

அந்தக் காலத்து டிஸ்க்கில், படம் இருக்கிற வெள்ளிப் பூச்சு பெயர் அச்சடித்த பக்கத்தில்தான் ஒட்டியிருக்குமாம். இது எனக்கு அப்போது தெரியாது. அச்சடித்த பக்கத்தைத்தான் அவர்கள் பசை போட்டு அட்டையில் ஒட்டியிருந்தார்கள். பசை பூச்சு முழுவதையும் பிடித்துக்கொண்டது. என் கையில் இருந்தது ஜன்னல் கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக். லாட்ஜ், மேனேஜர், இரும்புப் பெட்டி எல்லாம் அட்டையோடு தங்கிவிட்டன. மஞ்சளும் குங்குமமும் மட்டும் என்னோடு வந்திருந்தன.

வேலுச்சாமி கையை நீட்டினார். கொடுத்தேன். அதை உயர்த்திப் பிடித்து அதன் வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு அதன் வழியாகவே என்னைப் பார்த்தார். மலர் சொர்ணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எங்கேயாவது ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் பீடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க இதப் பாத்திருக்கீங்கல்ல?"

"ஒரு தடவ. மச்சினன் கடையில."

"செரி, சொல்லுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இனிமே யாரு சொன்னா என்ன. அந்தப் பொட்டிக்குள்ள என்னதானுங்க இருந்துது?"

யாரும் தன்னிடம் கதையைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருடம் காத்தவர், என்னிடம் கேட்கிறார். அத்தனை பேர் முன்னால். நான் மலரைப் பார்த்தேன். சொல்ல ஆரம்பித்தேன்.

எனக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. மழை பெய்கிற லாட்ஜைச் சொன்னேன். மேனேஜரின் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு இல்லாமல் நூல் கட்டியிருந்ததைச் சொன்னேன். பெட்டி என்னுடையது என்று வந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு வராந்தாவில் கூடி நின்றதை, ஆளாளுக்கு அவர்கள் குரலிலேயே சொன்னேன். மலர் காகுவின் காதில் மராத்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். சாவி இல்லாததால் பூட்டை அரத்தால் ராவுவார்கள். அது நம் தொழில், விட முடியுமா? எந்த அரம், எந்தக் கோணம், எவ்வளவு தூள் விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். தெருவில் போன டோல் கோஷ்டியில் ரெண்டு பேர் வாசிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"பூட்டு அத்துக்கிட்டு விழுந்துச்சு. எல்லாரும் எட்டிப் பாக்காவ. மேனேஜர் மூடிய ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. மெதுவா, மெதுவாத் தூக்குனாரு."

நிறுத்தினேன்.

"தூக்கி?" என்றார் வேலுச்சாமி.

"கரண்ட் போயிருச்சு."

"லாட்ஜ்லீங்களா?"

"இல்ல. சாங்வில."

நான் மிச்சத்தையும் சொன்னேன். அன்றைக்கு வியாழக்கிழமை. கரண்ட் வரவே இல்லை. மறுநாள் மச்சினனிடம், அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி போடு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. (அவனைக் கேட்டும் பயனில்லை. தன் கடையில் இருந்த எதையும் அவன் பார்த்ததே கிடையாது.) அதனால் இன்று வரைக்கும் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது.

வேலுச்சாமியின் மீசை ஆடியது. கோபத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி பயந்துபோய் முதுகைத் தடவினார். கார்த்தி, அப்பா இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்றான்.

"அப்ப நீங்களும் என்னையாட்டத்தானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூச்சப்பட்டே பொட்டியத் தொறக்காம உட்டுட்டீங்களே, சம்மந்தி."

அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு முன்னால் மலருக்குப் புரிந்துவிட்டது. காகுவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவர்தான் முதலில் எல்லோர் வாயிலும் பேடாவைத் திணித்தார். அந்தக் காலிப் பீடத்துக்கு முன்னாலேயே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, பித்ரு பட்சம் தொடங்கும் முன் கல்யாணம் பேசி முடிக்கப்பட்டது.

அன்றில் இருந்து இரண்டு குடும்பத்திலும் எனக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. நான் பேச்சை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினால், "அப்பாவுக்குக் கரண்ட் போச்சு," என்பாள் மலர். டாக்டரிடம் போய் எங்கே வலி என்று சொல்லத் தெரியாமல் நான் விழித்தால், "டாக்டர், இவ்வொளுக்குக் கரண்ட் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சொர்ணம் மிச்சத்தைச் சொல்வாள். கார்த்தி நல்ல மருமகன். அவர் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, "மாமா, ஜெனரேட்டர் போடட்டுமா?" என்பார். சம்பந்தி வீட்டு அலமாரியில் அந்தக் காலி இடம் இப்போது காலியாக இல்லை. மஞ்சள் குங்குமம் வைத்த கண்ணாடி மாதிரித் தட்டு அங்கே நிற்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம், தம் சேகரிப்பிலேயே அதுதான் மதிப்பு உயர்ந்தது என்று சொல்கிறார்.

தேடுவதை மட்டும் அவர் விடவில்லை. டிஸ்க் சேர்க்கிறவர்களின் போன் குழு ஒன்றில், மலேசியாவில் இருக்கும் ஒருவரிடம் அந்தக் கடைசி டிஸ்க் இருப்பது தெரியவந்தது. கூடுதலாகக் கொடுத்தே வாங்கிவிட்டார். அது போன வாரம் வந்து சேர்ந்தது. ஆனால் தனியாகப் போட்டுப் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும், எனக்கு விடுமுறை நாள் என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். இன்று காலை டிஸ்க்கோடும், குளிக்கிற துண்டில் சுற்றிய பழைய பிளேயரோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். சொர்ணம் இந்தத் தடவை பூஜை அலமாரிப் பக்கமே என்னை விடவில்லை. காகுவும் வந்துவிட்டார். பெட்டிக்குள் என்ன என்று அவருக்கும் தெரிய வேண்டுமாம். ஒயரைச் சொருகி, டிஸ்க்கை உள்ளே தள்ளி, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம்.

கரண்ட் போய்விட்டது.

விடுமுறை நாளைச் சொல்லும்போதே நான் யோசித்திருக்க வேண்டும். என் விடுமுறையும் கரண்ட்டின் விடுமுறையும் ஒரே நாள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாமே என்று சம்பந்திதான் பேனாவைக் கையில் கொடுத்தார். வெளியே மழை மூட்டம், அறையில் வெளிச்சம் இல்லை, தாள் என் மடியில் இருக்கிறது. கையெழுத்து இவ்வளவு மோசமாக இருப்பதற்கு அதுதான் இன்னொரு காரணம்.

இதோ, ஃபேன் சுற்றுகிறது. டிவியில் சிவப்பு விளக்கு வந்துவிட்டது. சம்பந்தி என் தோளைத் தொடுகிறார். மன்னிக்கவும், இத்தோடு நிறுத்துகிறேன்.

ஆடி மாதம், வியாழக்கிழமை.